கிடைக்கு யாரும் அழைக்காத வருடம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நம் ஊர் சுகாதார நிலைய நர்ஸம்மா முகவரிக்கு ஏன் அனுப்புகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுப் போன் அண்ணனின் சட்டைப்பையில் இருக்கிறது. உங்களிடம் பேச வேண்டும் என்றால், "என்ன விஷயம், எங்கிட்ட சொல்லு, நான் சொல்லிடறேன்" என்கிறார்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பழத்தோட்டக் கம்பெனியிடமிருந்து நாற்பது துணிப்பைகள் வந்தன. பையில் எண் மட்டும்தான் இருக்கும். ஊர் பெயர் இருக்காது. எங்கள் முறை அப்படி. பதினான்காம் பையைத் தட்டில் கொட்டியதும் என் கை நின்றுவிட்டது. கறுப்பு மண், ஈரத்திலும் ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்கிறது, நடுநடுவே வெள்ளையாகச் சிறு கிளிஞ்சல்கள். பதினெட்டு வயதுவரை என் நகக்கண்ணில் இருந்த மண் எனக்குத் தெரியாதா? நம் மேட்டு வயல். அப்பா அண்ணனுக்கும் எனக்குமாக எழுதிவைத்த ஒன்பது ஏக்கர்.

ஆட்டு எருவால் சேரும் மணிச்சத்து மற்ற பைகளைவிட மூன்று மடங்கு இருந்தது. அறிக்கையின் குறிப்புப் பத்தியில், "பல ஆண்டுகளாக ஆட்டுக் கிடை போடப்பட்ட நிலம்" என்று எழுதினேன். எழுதிய இரண்டாம் நாள் அண்ணனிடமிருந்து விற்பனைப் பத்திரம் வந்தது. "கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் அண்ணிக்கும் சம்மதம்."

சம்மதமா, அண்ணி? ஜனவரியில் நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். உங்கள் இருமல், உங்கள் தம்பியின் ஆடு இரட்டைக் குட்டி போட்டது, தையல் மிஷினின் ஊசி முறிந்தது எல்லாம் இருக்கிறது. நிலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மறந்திருப்பீர்கள் என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

பத்திரம் என் மேஜையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் நாத்தனார்

•

மார்ச் 11

அடி மண்ணாங்கட்டி,

மண்ணைச் சோதிக்கிற வேலைக்கு நீ போன அன்று நான் வைத்த பெயர். இன்றைக்கும் அதுதான் வாயில் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். அது உன் அண்ணனுக்கும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. ஜனவரியில் எழுதாததற்குக் காரணம் வேறு. கம்பெனிக்கு நிலம் பிடித்துக்கொடுக்கிறவர் ஒருவர் வந்துபோகிறார். வெயிலோ மழையோ கையில் குடை. ஊரே குடைக்காரர் என்கிறது. "டவுன்ல இருக்கற உங்க நாத்தனார் ஏற்கெனவே பேசிட்டாங்க, அவங்களுக்குச் சந்தோஷம்" என்று என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன். நீ மட்டும்தான் கடிதத்தை மறுபடி எடுத்துப் படிப்பாய் என்று நினைக்காதே. நானும் உன் கடிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கேள். போன மாதம் பள்ளிக்கூடத்தில் கூட்டம். உங்கள் ஆட்கள் ஒரு பக்கம், நான் பிறந்த மந்தைக்காரர்கள் ஒரு பக்கம். இதற்கு முன்னால் அப்படிப் பிரிந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குடைக்காரர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, "யாரு எந்த வருஷத்துல இருந்து இங்க இருக்கீங்க?" என்றார். உங்கள் பக்கத்தில் ஒருவர், "எங்க தாத்தா காலத்துல இருந்து" என்றார். "வருஷம் சொல்லுங்க." "நூறு." உடனே எங்கள் பெரியப்பா எழுந்து அரைகுறையாக உங்கள் பாஷையில், "நாங்க நூத்தி இருவது" என்றார். "அப்படின்னா நாங்க எரநூறு!" ஏலம் போல ஏறியது. கடைசியில் என் சித்தி, "இந்த ஆறு இங்க வர்றதுக்கு முன்னாடியே நாங்க வந்துட்டோம்" என்று சொல்லி உட்கார்ந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். குடைக்காரர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

உனக்கும் எனக்கும் உண்மை தெரியும். அணை கட்டியபோது நிலம் மூழ்கி, இரண்டு கூட்டமும் ஒரே லாரிகளில் இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். ஏரும் ஆடும் ஒன்றாக ஏறிவந்தன. ஆனால் கூட்டம் முடிந்து போகும்போது குழாயடியில் முதல்முறையாக "வந்தேறி" என்ற வார்த்தையைக் கேட்டேன். அன்று மாலையே எங்கள் பக்கத்தில் உங்களை "மண்ணுதின்னி" என்றார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டுக் குடைக்காரர் போய்விட்டார்.

படிவத்தில் இன்னொரு கேள்வி: "இந்த நிலத்தில் பிறர் பயன்பாடு உண்டா, இல்லையா?" ஊரில் எல்லாரும் இல்லை என்று எழுதினார்கள். பொய் என்று நினைத்து எழுதவில்லை. ஒவ்வொரு வருடமும் அறுப்பு முடிந்ததும் ஊரிலிருந்து ஒருவர் மந்தைக் குடியிருப்புக்குப் போய் "வயல் காலி" என்று அழைப்பார். பிறகுதான் எங்கள் ஆடுகள் வந்து கிடை கிடக்கும், வயலுக்கு எரு சேரும், ஆடுகள் உங்கள் வரப்பு வழியாக ஆற்றுக்கும் போகும். அழைக்காமல் ஒரு குட்டிகூட வந்ததில்லை. ஆகவே ஊருக்கு நாங்கள் விருந்தாளிகள். விருந்தாளியை யாராவது குடியிருப்பவர் பட்டியலில் சேர்ப்பார்களா? எங்கள் ஆட்களோ, அவர்கள் அழைத்தே ஆக வேண்டும், அது எங்கள் பாத்தியதை என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் வேறு வேறு நினைப்பு என்பது படிவம் வந்த பிறகுதான் தெரிந்தது.

வயலில் புழுக்கை கிடந்தால் நில அளவை தாமதமாகும் என்று குடைக்காரர் சொல்லியிருக்கிறார். இந்த வருடம் யாரும் அழைக்கவில்லை. மந்தை வயலுக்கு வெளியிலேயே நிற்கிறது.

மே ஆறாம் தேதி டவுனில் விசாரணை. அதில் எங்கள் பயன்பாடு பதிவாகாவிட்டால் என் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் மேய்ச்சலும் இல்லை, ஆற்றுக்கு வழியும் இல்லை. நீ எழுதிய அந்த ஒரு வரி, அறிக்கையின் நகல், அது எனக்கு வேண்டும். உன் அண்ணனிடம் சொல்லாதே.

அண்ணி

•

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. குடைக்காரரை நான் பார்த்ததே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று எழுதுகிறேன். எழுதும்போதே, எதற்காக நம்ப வேண்டும் என்றும் தோன்றுகிறது.

நகல் விஷயம். நீங்கள் கேட்பதற்கு முன்பே எங்கள் தலைமை ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டார். கம்பெனியிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

"கிடை போட்ட நிலம்னு எழுதியிருக்கீங்களே, அதை மெஷின் சொல்லிச்சா?"

"இல்லை சார்."

"அப்புறம்?"

"பார்த்தா தெரியுது சார்."

"பார்த்தா எனக்கும் நெறைய தெரியுது. அதையெல்லாம் நான் எழுதறேனா? எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன். அது எங்கள் ஊர் மண் என்று சொல்லியிருந்தால் என்னை அந்த வேலையிலிருந்தே விலக்கியிருப்பார்கள். சொந்த நிலத்து மண்ணை நாங்கள் சோதிக்கக் கூடாது. சொல்லாமல் எடுத்தேன். இப்போது வெளியே போயிருக்கும் அறிக்கையில் அந்த வரி இல்லை. பதிவேட்டில் மட்டும் குறுக்கே கோடு போட்டபடி இருக்கிறது. அதை நகலெடுத்துக் கொடுப்பது குற்றம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கேட்டால் வருத்தப்படுவீர்கள், கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த நகலைக் கேட்பது நீங்களா, உங்கள் தம்பியா? இருபத்திரண்டு வருடங்களில் என் வேலையைப் பற்றி நீங்கள் கிண்டல்தான் செய்திருக்கிறீர்கள். திடீரென்று என் ஒரு வரி உங்களுக்கு இவ்வளவு பெரியதாகிவிட்டது.

உங்கள் நாத்தனார்

•

மார்ச் 27

மண் பரிசோதனைக் கூட உதவி ஆய்வாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் குடைக்காரர் வீட்டுக்கே வந்தார். உங்கள் அண்ணன் அவருக்கு நாற்காலி போட்டார். குடையைக் கதவில் சாய்த்துவிட்டு, நான் மாவு பிசைந்துகொண்டிருக்கும் இடத்துக்கு வந்து நின்று, "நாத்தனார்கிட்ட பேப்பர் கேட்டீங்களாமேம்மா? எங்கிட்ட கேட்டா நான் தர மாட்டனா?" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

நான் கேட்டது உங்களிடம். தெரிந்தது உங்களுக்கும் எனக்கும். நர்ஸம்மா உறை ஒட்டியபடிதான் கொடுத்தார். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். படித்தவர்கள்.

அதற்குப் பிறகு குழாயடியில் என் குடத்துக்கு முன்னால் நான்கு குடங்கள் தாமாக நகர்ந்து வந்தன. "போய் உங்க பாஷையில ஒப்பிச்சுட்டு வா, இங்க நாங்க என்ன பேசுனோம்னு" என்றாள் ஒருத்தி. அவள் பிரசவத்தில் நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது நான் என்ன பாஷையில் பேசினேன் என்று அவளுக்கு நினைவில்லை போலிருக்கிறது.

தம்பி கேட்டானா, நான் கேட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். தம்பிக்கு அறிக்கை என்றால் என்னவென்றே தெரியாது. நான்தான் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது.

உங்கள் அண்ணன் மனைவி

•

ஏப்ரல் 5

அண்ணி,

நான்தான்.

அண்ணன் போன் செய்தார். பத்திரம் என்னாயிற்று என்று கேட்டுவிட்டு, நடுவில், "உன் அண்ணி உங்கிட்ட ஏதாச்சும் கேட்டாளா?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி தாமதமானது. அந்த ஒரு நொடி அண்ணனுக்குப் போதும். பிறகு நானே சொல்லிவிட்டேன்.

வாய்தவறிச் சொன்னேன் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். உண்மை இதைவிடக் கேவலமானது. அண்ணன் ஆச்சரியப்படுகிறாரா என்று பார்க்கச் சொன்னேன். ஆச்சரியப்பட்டால் நீங்கள் அவருக்குத் தெரியாமல்தான் எழுதினீர்கள். ஆச்சரியப்படாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து என்னை எடை போடுகிறீர்கள். மண்ணைச் சோதிப்பது போல உங்களைச் சோதித்தேன். அண்ணன் ஆச்சரியப்பட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள் என்று உங்கள் கடிதம் வந்துதான் தெரிந்தது.

ஆனால் இதையும் சொல்லுங்கள். மார்ச் முப்பதாம் தேதி மந்தைக்காரர்கள் இரண்டு பேர் எங்கள் கூடத்து வாசலுக்கு வந்து, "கிடைப் பேப்பர் குடுக்கற அம்மா யாரு?" என்று காவலாளியிடம் கேட்டார்கள். நான் கொடுப்பதாக யார் சொன்னது? தலைமை ஆய்வாளர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக, உங்கள் பாஷையைக் கேட்டுப் பயந்தேன்.

உங்கள் நாத்தனார்

•

ஏப்ரல் 16

நீ ஒப்புக்கொண்டாய். சரி. நானும் ஒப்புக்கொள்கிறேன். நீ பேப்பர் கொடுப்பதாக என் சித்தியிடம் சொன்னேன், அவள் குடியிருப்புக்கே சொன்னாள். நீ கொடுப்பாய் என்று எனக்கு ஆசை இருந்தது. ஆசையை நடந்ததாகச் சொல்லிவிட்டேன்.

இப்போது அதெல்லாம் சின்ன விஷயம். கம்பெனி மேட்டு வயல்களில் சிவப்புச் சாயம் பூசிய பதினோரு எல்லைக் கற்களை நட்டது. மறுநாள் விடிந்தபோது பதினொன்றும் பிடுங்கிக் கிடந்தன. மந்தை பக்கத்தில்தான் நின்றது. போலீஸ் வந்து என் தம்பியைக் கூட்டிப் போய்விட்டது. அவன் "நான் இல்லை" என்று எங்கள் பாஷையில் சொன்னான், அவர்களுக்குப் புரியவில்லை. உங்கள் பாஷையில் சொன்னான், அவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

ஊரில் இரண்டு பேர் வைக்கோல்போருக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறார்கள். மந்தைக்காரர் கொளுத்தப் போவதாகப் பேச்சு. எங்கள் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக் காவல். ஊர்க்காரர் விஷம் கலக்கப் போவதாகப் பேச்சு. நான் இரண்டு காவலையும் தாண்டித்தான் தம்பி மனைவிக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். இரண்டு இடத்திலும் பாத்திரத்தைத் திறந்து பார்க்கிறார்கள்.

அன்று காலையில் நான் ஒன்று பார்த்தேன். எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கடிதம் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. உன் கைக்கே போனாலும், அங்கிருந்து எங்கே போகும் என்று தெரியாது.

இங்கே வராதே.

அண்ணி

•

ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நகல் எடுத்துக் கொடுக்க மாட்டேன். ஆய்வாளராக நான் சொன்னால், "இது உன் சொந்த நிலம், எப்படிச் சோதித்தாய்?" என்று கேட்டு அந்த வரியையும் என்னையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆகவே ஆய்வாளராகப் போகவில்லை. நிலத்தின் பாதிச் சொந்தக்காரியாக, அப்பாவின் மகளாக மே ஆறாம் தேதி விசாரணைக்குப் போகிறேன். ஒவ்வொரு வருடமும் எங்கள் வீடுதான் கிடைக்கு அழைத்தது, கிடை கிடக்காவிட்டால் எங்களுக்கு விளைச்சல் இல்லை, ஆடுகள் எங்கள் வரப்பு வழியாகத்தான் ஆற்றுக்குப் போயின என்று சொல்வேன். என் பங்குக்கே எதிராக நான் பேசினால் யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அண்ணன் என்னை மன்னிக்க மாட்டார்.

நீங்களும் வாருங்கள். மந்தைக்காரர் வீட்டில் பிறந்து ஊர்க்காரர் வீட்டில் வாழ்கிற ஒரே ஆள் நீங்கள்தான். நாம் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை அவர்கள் எழுதித்தான் ஆக வேண்டும். வருகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டாலும் நான் போவேன். எழுதினால் தைரியமாகப் போவேன்.

உங்கள் நாத்தனார்

•

மே 6

அண்ணி,

விசாரணை முடிந்து நேராக வந்து எழுதுகிறேன்.

கூடத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள். வாசல் பக்கமாக மூன்று முறை திரும்பிப் பார்த்தேன், நீங்கள் வரவில்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் முதல் வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மந்தைக்காரர் பக்கத்தில் ஒரு பெண் அழுதாள்.

பிறகு அதிகாரி ஒரு தாளை எடுத்து, "இதுவும் ஒரு வாக்குமூலம். மே நாலாம் தேதி கொடுத்தது" என்று படித்தார். "மந்தைக்காரர் குடும்பத்தில் பிறந்த நான் அறிந்தவரை, மேட்டு வயல்களில் எங்களுக்கு எந்தப் பயன்பாடும் இருந்ததில்லை, எப்போதாவது தயவின் பேரில் வந்துபோனதுண்டு." கீழே உங்கள் கையெழுத்து.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஊர்க்காரம்மா இருந்துச்சுங்கறாங்க, மந்தைக்காரம்மா இல்லைங்கறாங்க. நான் யாரைத்தான் நம்பறது?" என்றார். கூடமே சிரித்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

உரிமை கேட்பவர்கள் வீட்டுப் பெண்ணே பயன்பாடு இல்லை என்கிறாள் என்று சொல்லி உங்கள் தாளை எடுத்துக்கொண்டார்கள். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாமாம்.

எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை. கேட்டாலும் நீங்கள் சொல்வதை நம்பத் தெரியவில்லை.

•

மே 12

மண்ணாங்கட்டிக்கு,

ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி நீ எழுதிய கடிதம் எனக்கு மே எட்டாம் தேதி கிடைத்தது. நர்ஸம்மா பத்து நாள் பயிற்சிக்குப் போயிருந்தார். கடிதம் சுகாதார நிலையத்தில் அவருடைய மேஜை டிராயரில் கிடந்தது. உறையைப் பார்த்துக்கொள், சுகாதார நிலையத்தின் மே எட்டாம் தேதி முத்திரை இருக்கிறது. நீ நம்ப மாட்டாய் என்று இதோடு வைத்திருக்கிறேன்.

குடைக்காரர் மே மூன்றாம் தேதி வந்தார். "தம்பி வெளிய வரணுமா வேணாமா? கம்பெனி புகாரை வாபஸ் வாங்கும். நீங்க ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்." உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பத்திரத்தில் நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று வேறு சொன்னார். நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. ஏப்ரல் மாதத்துக்கு முன்னால் என்றால் பண்ணியிருப்பேன்.

இப்போது அந்த எழுதாத விஷயத்தை எழுதுகிறேன். கற்கள் பிடுங்கிக் கிடந்த காலையில் உன் அண்ணனின் சட்டையைத் துவைக்க எடுத்தேன். வலது கை மடிப்பில் சிவப்புச் சாயம். ஈரம் காயவில்லை.

தம்பி இல்லை என்று நிரூபிக்க எனக்கு ஒரே வழி, யார் என்று சொல்வது. சொன்னால் புருஷன் உள்ளே போவார். சொல்லாவிட்டால் தம்பி உள்ளே இருப்பான். இருதலைக் கொள்ளி எறும்புக்காவது நடுவில் கொஞ்சம் இடம் இருக்கும். யாரையும் காட்டிக்கொடுக்காமல் ஒரு கையெழுத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். சட்டையை மூன்று முறை துவைத்துக் கையெழுத்தும் போட்டேன்.

தம்பி வந்துவிட்டான். என்னோடு பேசுவதில்லை. என் சித்தி வாசலில் நின்று என்னைப் பார்த்து ஊர்ப் பாஷையில், "வாங்க, உட்காருங்க" என்றாள். இருபத்திரண்டு வருடமாக அவள் என்னோடு அந்தப் பாஷையில் பேசியதில்லை. அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

சாயத்தைப் பற்றி உன் அண்ணனிடம் இன்னும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள்மேல் பழி போட வேண்டுமென்றே பிடுங்கினாரா என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலுக்குப் பிறகு இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று தெரியாததால் கேட்கவில்லை.

அண்ணி

•

மே 17

அன்புள்ள அண்ணிக்கு,

முத்திரையைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனி இப்படிப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன். உடனே முடியாது.

பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. அது இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். உங்கள் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறலாம். நீங்களே நேரில் வந்து, மிரட்டலுக்குப் பயந்து கொடுத்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூன் ஐந்தாம் தேதிவரை நேரம் இருக்கிறது. ஆனால் நீங்கள் திரும்பப் பெற்ற அன்றே கம்பெனி உங்கள் தம்பிமேல் புகாரைப் புதுப்பிக்கும். கற்களைப் பிடுங்கியது வேறொருவர் என்று தெரிந்தால் மட்டுமே அவர் தப்புவார்.

என்ன கேட்கிறேன் என்று உங்களுக்குப் புரிகிறது. என் அண்ணனை, உங்கள் கணவரைக் கேளுங்கள் என்கிறேன். நானே வந்து கேட்கலாம். என்னிடம் அவர் பொய் சொல்வார். சின்ன வயதிலிருந்து எனக்காகப் பொய் சொல்லிப் பழகியவர், எனக்கே சொல்லவும் அவருக்குச் சிரமம் இருக்காது. உங்களிடம் எப்படி என்று எனக்குத் தெரியாது.

கேட்காமல் விட்டாலும் நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இருப்பவர் நீங்கள். நான் ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து வழி சொல்கிறேன்.

உங்கள் நாத்தனார்

•

மே 25, காலை

நர்ஸம்மா எட்டரை மணி பஸ்ஸில் மருந்து வாங்க டவுனுக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று மத்தியானம் தட்டைப் போட்டுவிட்டுச் சோற்றைப் போடாமல் நின்றேன்.

"என்ன?"

"உங்க சட்டையில செவப்பு."

உன் அண்ணன் தட்டைத் தள்ளினார். பிறகு கத்தினார். "ஆமா, நான்தான். என் நெலத்துல எவன் கல்லு நட்டாலும் புடுங்குவேன். விக்கறதா பேசுனது வாய்க்கால் வரைக்கும். நட்டது வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பத்தடி. கேட்டா, குடைக்காரன் வரைபடத்தைக் காட்டறான். அதுல வாய்க்காலே இல்ல!"

"அப்ப என் தம்பியைக் கூட்டிட்டுப் போனப்ப ஏன் வாயத் திறக்கல?"

"நான் புடுங்குனது மூணு. மீதி எட்டை உன் தம்பிதான் புடுங்கியிருப்பான்னு நெனச்சேன்."

"அவன் ஒண்ணுகூடப் புடுங்கல."

"அப்ப யாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும். மண்ணாங்கட்டி, யோசித்துப் பார். மேட்டு வயல்காரர் ஐந்தாறு பேர். ஒவ்வொருவர் நிலத்திலும் இரண்டு மூன்று கல், ஒவ்வொன்றும் பத்தடி உள்ளே. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல் அவரவர் கல்லைப் பிடுங்கிவிட்டு, மீதியை மந்தைக்காரன் பிடுங்கியதாக நம்பிக்கொண்டு, வைக்கோல்போருக்குக் காவல் இருந்திருக்கிறார்கள்.

"இதை நான் வெளிய சொன்னா, பொண்டாட்டி பக்கம் சாஞ்சுட்டான்னு ஊரு சொல்லும்" என்றார்.

"சொல்லட்டும். இருபத்திரண்டு வருஷமா நான் புருஷன் பக்கம் சாஞ்சு கெடக்கேன். யாரு செத்துப்போனா?"

அவர் எழுந்து போய்விட்டார். இன்று காலை ஒரு தாளில் ஏதோ எழுதினார். என்னிடம் காட்டவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய்விட்டார். மேல்முறையீட்டு அலுவலகமும் அங்கேதான் இருக்கிறது, கம்பெனி ஆபீசும் அதே தெருவில்தான் இருக்கிறது. எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவர் சாப்பிடாமல் போனார். பார்த்தால் முதலில் ஏதாவது வாங்கிக் கொடு. பசியோடு இருந்தால் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவார்.

அண்ணி

•

மே 25, பகல் பன்னிரண்டு

அண்ணி,

நர்ஸம்மா ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். வேகமாக எழுதுகிறேன்.

கம்பெனி ஆபீசுக்கு எதிரே நடைபாதையில் அண்ணன் நின்றிருந்தார். உள்ளே போகவுமில்லை, திரும்பவுமில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட வைத்தேன். இரண்டு தட்டு. அதற்குப் பிறகுதான் தாளைக் காட்டினார். மூன்று கற்கள், பத்தடி, வாய்க்கால், உங்கள் தம்பி பிடுங்கவில்லை என்பது, எல்லாம் இருக்கிறது. கிடையைப் பற்றி இல்லை. "அதையும் எழுது" என்றேன். "மந்தைக்காரங்க நம்ம கூப்பிட்டாதானே வருவாங்க, அதுல எழுத என்ன இருக்கு?" என்றார். "அதைத்தான் எழுது. ஒவ்வொரு வருஷமும் கூப்பிட்டோம்னு எழுது." பேனாவை என்னிடமிருந்து பிடுங்கி எழுதினார், திட்டிக்கொண்டே.

இப்போது மேல்முறையீட்டு அலுவலகத்து வரிசையில் இருக்கிறோம். வாசலில் குடைக்காரர் இருக்கிறார். அண்ணனுக்கு வணக்கம் சொன்னார். அண்ணனும் சொன்னார். வணக்கம் சொல்லும்போது அண்ணனின் கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆகவே அவருக்குப் பின்னாலேயே நிற்கிறேன்.

"நீ எதுக்கு நிக்கற? உன்னோடதை ஏற்கெனவே சொல்லிட்டியே."

"நீ ஓடிடாம இருக்கத்தான்."

எங்களுக்கு முன்னால், முப்பதாம் எண்ணில், நம் ஊர் பம்புசெட் மெக்கானிக் நிற்கிறார். அவருக்கும் மேட்டில் இரண்டு ஏக்கர் இருக்கிறதே. அவர் கையிலும் மடித்த தாள். அண்ணனைப் பார்த்ததும் மறைத்தார்.

"நீ எதுக்குடா வந்த?" என்றார் அண்ணன்.

"நீங்க எதுக்குண்ணே வந்தீங்க?"

இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணன் சுவரிடமே, "எத்தனை?" என்று கேட்டார். மெக்கானிக் இரண்டு விரலைக் காட்டினார்.

அண்ணன் முப்பத்தொன்று, நான் முப்பத்திரண்டு. அலுவலகம் ஐந்து மணிவரை. உங்கள் தாளை நீங்கள்தான் வந்து திரும்பப் பெற வேண்டும். உங்கள் பெயருக்கும் ஒரு எண் வாங்கி வைத்திருக்கிறேன், முப்பத்துமூன்று. இரண்டு மணி பஸ்ஸில் வாருங்கள். தம்பியையும் கூட்டி வாருங்கள். வர மாட்டேன் என்பார். யாரும் அழைக்காமல் அவர்கள் வருவதில்லை அல்லவா, நான் அழைத்ததாகச் சொல்லுங்கள்.